காயத்தில் தானாகக் கட்டியாகும் ஜெல்: ஒரு மருந்து கட்டும் அறையிலிருந்து

வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சிக்கு எங்களிடம் வரும் ஐயா ஒருவருக்கு உள்ளங்காலில் புண். சலரோகம் வந்து பல வருடமாகிறது, பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. காலபோக விதைப்புக்கு வயலில் இறங்கியவருக்கு முள் ஏறியதே தெரியவில்லை. கால் வீங்கி மணக்கத் தொடங்கிய பிறகுதான் வந்தார். சில கிழமைகளாகச் சுத்தம் செய்து மருந்து கட்டி வருகிறோம்.

ஒருநாள் கைபேசியை நீட்டினார். கனடாவில் இருக்கும் மகன் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். தண்ணீர் போல ஒரு மருந்து, காயத்தில் பட்டதும் கட்டியாகி நிற்கிறது. "டொக்டர், இதை எடுப்பிப்பமோ? காசைப் பற்றி யோசிக்க வேண்டாமாம்" என்றார்.

வீடியோ பொய்யில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நுங்கைப் பாருங்கள். பெரும்பகுதி தண்ணீர், ஆனாலும் ஓடாது. நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. நாம் அறிந்த ஜெல்கள் பலவும் இப்படித்தான், நீளமான மூலக்கூறுகளால் ஆனவை. வீடியோவில் இருப்பது வேறு வகை. அதில் இருப்பவை மிகச் சிறிய மூலக்கூறுகள். தும்பை நினையுங்கள். ஒரு தும்பு பெரும்பாலும் ஒரு சாணளவுதான். பசை எதுவும் இல்லாமல் முறுக்கினால் கயிறாகிறது, கயிறு வலையாகிறது. இந்த மூலக்கூறுகளும் ஒன்றையொன்று மெல்லிய ஈர்ப்பால் பற்றி இழையாகி, இழைகள் பின்னி வலையாகி, தண்ணீரைச் சிறைப்பிடிக்கின்றன. முறுக்குவதற்குக் கை தேவையில்லை. உப்போ, அமிலத்தன்மையோ, வெப்பமோ மாறினால் போதும், தாமாகவே கூடிக்கொள்ளும். ஈர்ப்பு மெல்லியது என்பதால் இவற்றில் பல ஊசிக்குள் அழுத்தும்போது இளகி, வெளியே வந்ததும் மறுபடி இறுகும். வேலை முடிந்ததும் உடலுக்குள் பிரிந்து போகும்படியும் அமைக்கலாம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர் ஷுகுவாங் ஜாங், ஈஸ்டில் உள்ள ஒரு புரதத்தில் இப்படித் தானாக அடுக்கிக்கொள்ளும் துண்டு ஒன்றைக் கண்டு 1993இல் வெளியிட்டார். அந்த வழியில் வந்ததுதான் ராடா16 என்ற பெப்டைட், அதாவது புரதங்களைக் கட்டும் அலகுகளான அமினோ அமிலங்கள் 16 கோத்த ஒரு சிறு சங்கிலி. குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கும்போது மெல்லக் கசியும் இரத்தத்தை நிறுத்த வெளிநாடுகளில் பயன்படுத்துகிறார்கள். நூற்றுக்கு 2.5 பங்குதான் பெப்டைட், மீதி தண்ணீர். இரத்தம் பட்டதும் ஜெல்லாகி அடைக்கிறது. லான்ரியோடைட் என்ற ஊசி மருந்து இன்னும் அழகானது. எட்டே அமினோ அமிலங்கள். அங்கே மருந்தைச் சுமக்க வேறு ஜெல் கிடையாது, மருந்தே ஜெல். சில ஹோர்மோன் நோய்களுக்குத் தோலின் கீழ் ஆழமாகப் போட்டால் 28 நாட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வேலை செய்கிறது.

ஆனால் தானாகக் கூடுவது எப்போதும் நல்லதென்றில்லை. அல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதத்தின் முக்கியமான ஒரு பகுதி, பினைல்அலனைன் என்ற அமினோ அமிலம் இரண்டு சேர்ந்தது. அந்தச் சிறு துண்டு மட்டுமே தானாகக் குழாய்களாக அடுக்கிக்கொள்ளும் என்று இஸ்ரேலின் எஹுட் கசிட் குழு 2003இல் காட்டியது. ஆகவே ஒவ்வொரு புதிய ஜெல்லையும் அது எங்கே கூடுகிறது, எப்போது பிரிகிறது, பிரிந்தபின் எங்கே போகிறது என்று பார்த்துத்தான் மனிதருக்குக் கொடுக்கவேண்டும். காயங்களுக்கென்று சொல்லப்படும் பல ஜெல்கள் இன்னும் ஆய்வுகூடத்தில்தான் இருக்கின்றன.

இன்னொன்று, நான் சொன்ன ராடா16, லான்ரியோடைட் இரண்டும் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்கவேண்டியவை. பயணப் பையில் வந்து, சித்திரை வெயிலில் ஏ9 வீதியால் பஸ்ஸில் இறங்கும் ஜெல்லை நான் யாருக்கும் பூசமாட்டேன். 'நனோ ஜெல்' என்று இணையத்தில் விற்பதை வாங்கிப் புண்ணுக்குள் வைக்கவும் வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்பது பெயரைப் பார்த்துத் தெரியாது.

சரி, ஐயாவின் புண்ணுக்கு என்ன வேண்டும்? புண்ணைக் காற்றாட விட்டுக் காயவைக்கவேண்டும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். ஈரம் காக்கப்பட்ட காயத்தில் புதுத் தோல் வேகமாக மூடுகிறது என்று ஜோர்ஜ் விண்டர் பன்றிகளில் செய்த ஆய்வில் 1962இலேயே காட்டிவிட்டார். ஜெல் வைத்துக் கட்டுவதற்கும் அடிப்படை அதுதான். அதற்காகப் பற்பசை, சாம்பல், மஞ்சள் என்று எதையாவது அப்பிக்கொண்டு வராதீர்கள். அதைக் கழுவி எடுக்கும்போது இளம் தோலும் சேர்ந்து போகிறது. உள்ளங்காலில் புண் உள்ளவர் அந்தக் காலை ஊன்றி நடந்தால், எந்த ஜெல்லும் ஒரு நாளில் கட்டுவதை ஒரு மணி நேர நடை கலைத்துவிடும். சீனி கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும், செத்த சதையை எடுக்கவேண்டும், காலில் பாரம் விழக்கூடாது. மகனிடம் தொலைபேசியில் இதைத்தான் சொன்னேன். ஜெல்லுக்கு வைத்த காசில் அப்பாவுக்கு அளவெடுத்து, மெத்தென்ற அடிப்பாகம் உள்ள ஒரு செருப்புச் செய்து கொடுங்கள் என்றேன்.

அடுத்த கிளினிக்குக்கு ஐயா புதுச் செருப்போடு வந்தார். கட்டை அவிழ்க்கும் முன் செருப்புக்குள் கைவிட்டுப் பார்த்தேன். சிறு கல் ஒன்று கிடந்தது. வீட்டிலிருந்து அதன்மேல்தான் நடந்து வந்திருக்கிறார், அவருக்குத் தெரியவில்லை. கல்லை அவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டு, காலைக் கழுவத் தொடங்கினோம்.