ஒரே சமன்பாடு, மூன்று வடிகட்டிகள்

வேலூரின் காட்பாடியிலும் பாகாயத்திலும் உள்ளவை போன்ற பொறியியல் கல்லூரிகளின் மின்சுற்று ஆய்வகங்களில், மாணவர்கள் தொடக்கப் பருவங்களிலேயே செய்து பார்க்கும் சோதனைகளுள் ஒன்று பாசிவ் ஃபில்டர் எனப்படும் வடிகட்டிச் சுற்று. டிரான்சிஸ்டர், ஆப்-ஆம்ப் போன்ற பெருக்கும் உறுப்புகள் இல்லாமல், மின்தடை, மின்தேக்கி, மின்தூண்டி ஆகியவற்றை மட்டும் கொண்டு, வேண்டிய அதிர்வெண்களைக் கடக்கவிட்டு வேண்டாதவற்றை அடக்குவது இதன் வேலை. இவற்றுள் எளியது, ஒரு மின்தடையைத் தொடரிலும் ஒரு மின்தேக்கியை வெளியீட்டின் குறுக்கிலும் இணைத்தால் கிடைக்கும் லோ-பாஸ் வடிகட்டி, அதாவது தாழ்ந்த அதிர்வெண்களைக் கடக்கவிடும் வடிகட்டி. அதிர்வெண் ஏற ஏற மின்தேக்கியின் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) குறைந்துகொண்டே வருவதால், தாழ்ந்த அதிர்வெண்ணில் உள்ளீட்டு மின்னழுத்தம் ஏறத்தாழ முழுமையாக வெளியே வர, உயர்ந்த அதிர்வெண்ணில் அதன் பெரும்பகுதி மின்தடையின் மீதே விழுந்துவிடுகிறது. மின்தேக்கியின் மின்மறுப்பும் மின்தடையும் சமமாகும் இடமே வெட்டு அதிர்வெண். அங்கே வெளியீடு உள்ளீட்டில் 0.707 பங்காகக் குறைந்து, 45 பாகை பின்தங்கி நிற்கும். மின்தடையையும் மின்தேக்கத்தையும் பெருக்கி, அதை 2 பையால் பெருக்கி, 1-ஐ அதனால் வகுத்தால் வெட்டு அதிர்வெண் வந்துவிடும்.

இந்தச் சமன்பாட்டில் பெருக்குத்தொகை மட்டுமே இருப்பது கவனிக்கத்தக்கது. 150 ஓமும் 1 மைக்ரோ ஃபாரடும், 1.5 கிலோ ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரடும், 1.5 மெகா ஓமும் 100 பிக்கோ ஃபாரடும் ஆகிய மூன்று இணைகளுக்கும் விடை ஒன்றே: 1061 ஹெர்ட்ஸ். தாளில் வேறுபாடற்ற இம்மூன்றையும் ப்ரெட்போர்டு எனும் சோதனைப் பலகையில் பொருத்தி அளந்தால் வேறு வேறு வடிகட்டிகளாக நடந்துகொள்கின்றன. என்னைக் கேட்டால், இந்தச் சோதனையின் பயன் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

முதல் இணையைப் பார்ப்போம். சோதனை அலையைத் தரும் ஃபங்ஷன் ஜெனரேட்டரின் உள்ளே பொதுவாக 50 ஓம் தடை இருக்கிறது. அது 150 ஓமுடன் தொடரில் சேர்வதால் மொத்தத் தடை 200 ஓமாகி, வெட்டு அதிர்வெண் 796 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஜெனரேட்டரின் முகப்பில் அமைத்த மின்னழுத்தத்தையே உள்ளீடாக எண்ணிக்கொள்பவருக்கு இந்தப் பிழை நேரும், அலையைத் திரையில் காட்டும் சி.ஆர்.ஓ.வின் முதல் சேனலை வடிகட்டியின் உள்ளீட்டு முனையிலேயே வைத்து, ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் இரண்டு சேனல்களையும் படித்து விகிதம் எடுப்பவருக்கு நேராது. மூன்றாவது இணையின் சிக்கல் மறுமுனையில் இருக்கிறது. சி.ஆர்.ஓ.வின் உள்ளீடு 1 மெகா ஓம் தடை கொண்டது. ஒன்றுக்கு ஒன்று நிலையில் (மின்னழுத்தத்தைக் குறைக்காமல் அப்படியே அனுப்பும் நிலையில்) உள்ள ப்ரோப் எனும் அளவு முனை தன் கேபிளோடு ஏறத்தாழ 100 பிக்கோ ஃபாரடையும் கொண்டுவந்து சேர்க்கிறது. 1.5 மெகா ஓமுக்கு எதிரே 1 மெகா ஓம் நிற்பதால், வடிகட்டி தடையின்றிக் கடக்கவிட வேண்டிய தாழ்ந்த அதிர்வெண்ணில்கூட உள்ளீட்டில் 40 விழுக்காடுதான் திரையில் தெரியும். வெட்டு அதிர்வெண்ணோ 1326 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும். நடுவில் உள்ள 1.5 கிலோ ஓம் மட்டுமே இரு பக்கத்து இடையூறுக்கும் பெரிதாக அசைவதில்லை. ஆகவே வடிகட்டியின் மின்தடையை மூலத்தின் (இங்கே ஜெனரேட்டரின்) தடையைவிடப் பல மடங்கு பெரிதாகவும், சுமையின் (இங்கே சி.ஆர்.ஓ.வின்) தடையைவிடப் பல மடங்கு சிறிதாகவும் தேர்ந்துகொண்டு, அதன் பிறகே மின்தேக்கியைக் கணக்கிடுவது முறை.

அமெரிக்காவில் ஜார்ஜ் கேம்பெலும் ஜெர்மனியில் கார்ல் வில்லி வாக்னரும் 1915-ஐ ஒட்டித் தனித்தனியே உருவாக்கிய மின்தூண்டி-மின்தேக்கி ஏணி வடிகட்டிகளிலும் இதே கவனத்தைக் காணலாம். மூலமும் சுமையும் எத்தனை ஓம் என்பது அங்கே வடிவமைப்பின் ஒரு பகுதி.

சோதனை முறையைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. 10 வோல்ட் சைன் அலையைச் செலுத்தி, 100, 200, 500, 1000 என அதிர்வெண்ணை உயர்த்தி, அதிர்வெண் அச்சு மட்டும் மடக்கை அளவில் உள்ள செமி-லாக் தாளில், வெளியீட்டு விகிதத்தை டெசிபல் எனும் மடக்கை அலகில் குறித்தால், வெட்டு அதிர்வெண்ணில் 7.07 வோல்டும், அதன் பத்து மடங்கில் ஏறத்தாழ 1 வோல்டும் வரவேண்டும். அதற்கு மேல் அதிர்வெண் பத்து மடங்காகும்போதெல்லாம் சரிவு 20 டெசிபல். இவ்வளவு புள்ளிகள் எடுப்பதற்கு முன், ஒரு சதுர அலையைச் செலுத்தி, வெளியீடு 10 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காட்டுக்கு ஏறும் நேரத்தைப் படிப்பது நல்லது. 0.35-ஐ அந்த நேரத்தால் வகுத்தால் வெட்டு அதிர்வெண் கிடைத்துவிடும். நம் நடு இணைக்கு அந்த நேரம் 330 மைக்ரோ நொடி. பல ஆய்வகங்களில் இதைச் செய்யாமலே நேராக அட்டவணைக்குப் போய்விடுகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

விடை இன்னும் விலகினால் மின்தேக்கியைச் சந்தேகிக்க வேண்டும். தங்கப் பட்டையிட்ட மின்தடை 5 விழுக்காட்டுக்குள் நிற்கும். 104 (அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட்) என்று அச்சிட்ட மலிவான செராமிக் வில்லையோ, அதன் வகையைப் பொறுத்து, 20 விழுக்காடோ அதற்கு மேலுமோ விலகலாம். ஒய்-5-வி எனும் செராமிக் வகையின் மின்தேக்கம் வெப்பம் ஏற ஏற வெகுவாகக் குறையும். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்க் கத்திரி வெயிலில், மின்விசிறி மட்டும் சுழலும் அறையில், இது புறக்கணிக்கத்தக்க விளைவன்று. மின்தேக்கம் 20 விழுக்காடு குறைந்தால் வெட்டு அதிர்வெண் 25 விழுக்காடு உயரும். பாலியெஸ்டர் மின்தேக்கிக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது தகும்.

வெட்டு அதிர்வெண் இப்படி நகர்வதால் என்ன கேடு என்று கேட்பவர், நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வந்து சேரும் இந்த வேலூரில், இ.சி.ஜி. எனும் இதய மின்பதிவை நினைத்துப் பார்க்கலாம். 1 மில்லிவோல்ட் அளவே உள்ள அந்த இதயச் சமிக்ஞையை, நோய் கண்டறியும் பதிவில் 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை கடக்கவிட வேண்டும். மூச்சின் அசைவால் கோடு ஏறி இறங்குவதைத் தடுக்கக் கீழ் எல்லையை 0.5 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால், மாரடைப்பைக் காட்டும், எஸ்.டி. எனப்படும் அலைப் பகுதியின் வடிவமே சிதையக்கூடும். தோலுக்கும் மின்முனைக்கும் இடையிலான தடை ஆயிரக்கணக்கான ஓம் இருப்பதால், அங்கே மிகு உள்ளீட்டுத் தடை கொண்ட பெருக்கியை முதலில் வைத்து, அதன் பின்னரே வடிகட்டுகிறார்கள்.

சரிவு போதவில்லையென்றால் ஒரே மாதிரியான இரண்டு படிகளை (ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் ஒரு படி) அடுத்தடுத்து வைக்கத் தோன்றும். 1061 ஹெர்ட்ஸில் 0.707-ஐ இருமுறை பெருக்கிப் பாதியை எதிர்பார்த்தவருக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும், 0.707 பங்கு என்னும் எல்லை 397 ஹெர்ட்ஸுக்கு இறங்கியிருக்கும். இரண்டாம் படி முதல் படிக்குச் சுமையாகிவிட்டது. இரண்டாம் படியை 15 கிலோ ஓம், 0.01 மைக்ரோ ஃபாரட் எனப் பத்து மடங்கு உயர்த்தினால் 0.476 வரும், அதாவது ஏறத்தாழ எதிர்பார்த்தது. இதே வழியில் மூன்றாம் படிக்கு 150 கிலோ ஓமும் 1000 பிக்கோ ஃபாரடும் வைத்தால், ப்ரோபின் 100 பிக்கோ ஃபாரட் அதில் பத்தில் ஒரு பங்காகிவிடும். அப்போது ப்ரோபை, அதன் மின்தேக்கச் சுமை வெகுவாகக் குறையும் பத்துக்கு ஒன்று நிலைக்கு மாற்றாமல் அளந்த எண்ணை ரெக்கார்டு நோட்டில் எழுத முடியாது.