கோடாலியை வாளிக்குள் ஊறப்போடுகிறவர்களுக்கு

ஆவணி பிறந்தால் வன்னியில், மாங்குளத்தில் இருக்கும் என் தச்சுப் பட்டறைக்குக் கோடாலிகள் வரத் தொடங்கிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே வருத்தம்: தலை ஆடுகிறது. "ராவைக்கு வாளித் தண்ணிக்குள்ள போட்டனான் தம்பி, விடிய இறுகித்தான் கிடந்தது. மத்தியானம் திரும்பவும் ஆடுது" என்பார்கள். இதைக் கேட்டாலே எனக்குச் சினம் வரும்.

மரம் தண்ணீர் குடித்தால் அகலத்தில் பருக்கும். சுற்றிவர இருப்பதோ இரும்பு, அது விட்டுக்கொடுக்காது. பருக்க இடமில்லாத மரம் உள்ளுக்குள் நசியும். காய்ந்ததும் பழைய அளவுக்கு வராது, அதைவிடச் சிறுத்துப்போகும். ஒவ்வொரு தடவை ஊறப்போடும்போதும் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. நம் பக்கத்தில் ஐப்பசியில் தொடங்கும் மாரி ஓய்ந்தால் பிறகு மாதக்கணக்கில் வெயிலும் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றும்தான். மழைக்குள் பச்சைத் தடியை வெட்டிப் போட்ட பிடி ஆவணியில் கழலாமல் என்ன செய்யும்?

தொழில் பழகிய காலத்தில் நானும் அப்படிப் போட்டவன்தான். இரண்டு மாதம் போக, விறகு கொத்தும்போது தலை கழன்று பறந்து, ஆசானின் காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்தியது. அவர் ஏசவில்லை. குப்பி விளக்கின் புகைக்கரியை எடுத்துக் கோடாலித் துளையின் உட்புறம் பூசச் சொன்னார்.

கரி பூசிய துளைக்குள் காய்ந்த பிடியைச் செருகி எடுத்தால், இரும்பு முட்டும் இடத்தில் மட்டும் கறுப்பு ஒட்டும். அந்த மேட்டை மட்டும் அரத்தால் வழிக்க வேண்டும். திரும்பச் செருகு, திரும்ப எடு. என் முதல் பிடியில் மூன்றே மூன்று புள்ளி! அந்த மூன்று மேட்டில்தான் முழுப் பாரமும் தொங்கியிருக்கிறது. சுற்றிவரச் சமமாகக் கறுக்க இருபது தடவைக்கு மேல் ஆனது. அலுப்புப் பிடித்த வேலை, ஆனால் குறுக்கு வழி இல்லை. துவக்கின் (துப்பாக்கியின்) இரும்பை மரக்கட்டையில் உட்காரவைப்பவர்களும் இந்தக் கரியைத்தான் நம்புகிறார்கள். அங்கே மேடு விட்டால் குறி தப்பும்.

பாலை, முதிரை என்று மரத்தின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். இழை அடிமுதல் நுனிவரை நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில் முறியும். தடியை நிழலில் காயவிட்டு, இரு முனைக்கும் பெயின்ட் பூசினால் வெடிப்புக் குறையும். (நம் காட்டு மரத்தில் போர்க்காலத்தில் வெடித்த செல்லின் இரும்புத் துண்டும் கிடக்கும். மரம் அறுக்கும் வாளின் பல்லைப் பறிகொடுத்தவர்களைக் கேளுங்கள்.) பிடி துளைக்குள் இறுகப் பிடிக்க அதன் நுனியில் அடிக்கும் ஆப்பும் காய்ந்த மரமாக இருக்கட்டும். ஆணி அடித்து இறுக்குவது பிடியைப் பிளக்கிற வேலை.

சரி, இப்போது வாளிக்குள் கிடப்பதை என்ன செய்வது? எடுத்து நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்தபின் எவ்வளவு ஆடுகிறதோ அதுதான் அதன் உண்மையான ஆட்டம். புது ஆப்புக்கும் அடங்காவிட்டால் பிடியை மாற்றத்தான் வேண்டும். அதுவரை அதைத் தொடாதீர்கள். நல்ல கோடாலியால் கொத்தும்போதும் முன்னாலோ பின்னாலோ பிள்ளைகளை நிற்க விடாதீர்கள்.