ஸ்லாப்ஸ்டிக் என்றால் அடிதடி இல்லை

ஆட்கள் விழுந்தும் மோதியும் அடிவாங்கியும் சிரிக்கவைக்கும் காமெடியை, சினிமா பற்றித் தமிழில் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்று அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். தமிழில் சொல்லியே தீர வேண்டும் என்று நிற்கிற மீதிப் பேர் ‘அடிதடி நகைச்சுவை’ என்கிறார்கள். முன்னது சோம்பல், பின்னது பிழை. அடிதடி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது போலீஸ் ஸ்டேஷனும் கட்டுப்போட்ட மண்டையும்தான். ஸ்லாப்ஸ்டிக்கிலும் அடி விழும். ஆனால் வலிக்கிறது என்ற எண்ணம் பார்க்கிறவர் மனதில் எட்டிப்பார்த்த நொடியே சிரிப்பு செத்துவிடும். இந்த நிபந்தனை அந்தச் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. ஏனென்றால் முதலில் அது ஒரு கட்டைக்கு வைத்த பெயர்.

மெல்லிய மரப்பட்டைகள் இரண்டு. கைப்பிடிப் பக்கம் சேர்த்துக் கட்டியிருக்கும், மறுமுனையில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். இதை வைத்து ஒருவன் பின்புறத்தில் ஒரு போடு போட்டால் ஒரு பட்டை மற்றதன் மேல் மோதி ‘பளார்’ என்று சத்தம் வரும். ஆள் மேல் படுவது பூச்சி விரட்டுகிற மாதிரி ஒரு தட்டு, அவ்வளவே. சத்தமோ கடைசி வரிசையில் நிற்கிறவனுக்கும் கேட்கும். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் கிளம்பிய கொமேதியா டெல் ஆர்ட்டே நாடகக் குழுக்களிடம் இந்தக் கட்டை இருந்தது. வசனம் எழுதி வைத்துக்கொள்ளாமல், கதைச்சுருக்கத்தை மட்டும் வைத்து, முகமூடி போட்டு மேடையிலேயே இட்டுக்கட்டி நடித்தவர்கள் அவர்கள். அவர்களுடைய அர்லெக்கினோ, பெர்கமோ ஊர்க்காரனாகச் சொல்லப்படும் வேலைக்காரன். எப்போதும் பசி, உடம்பெல்லாம் பலவண்ண ஒட்டுத்துணி, இடுப்பில் இந்தக் கட்டை. இத்தாலியில் அதற்குப் பத்தாக்கியோ என்று பெயர். கோயில் மணிக்குள் தொங்கும் நாக்கையும் அவர்கள் அதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். சத்தம் எழுப்பும் பொருள் என்பதுதான் அந்தப் பெயருக்குள் இருக்கும் எண்ணம்.

இங்கிலாந்துக்கு இது பொம்மலாட்டத்தோடு போனது. 1662 மே மாதம் லண்டன் கோவன்ட் கார்டனில் இத்தாலியப் பொம்மலாட்டம் பார்த்ததைச் சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதில் வந்த கோமாளிப் பொம்மைதான் பின்னாளில் பஞ்ச் என்று பெயர் பெற்று, கையில் கட்டையோடு எதிர்ப்பட்டவரையெல்லாம் சாத்த ஆரம்பித்தது. ஆங்கிலத்தில் ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்ற சொல் மட்டும் வெகு தாமதமாக, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், அமெரிக்க மேடைகளில்தான் தலைகாட்டுகிறது. அதிலும் முதலில் கட்டை. சில ஆண்டுகள் கழித்துத்தான் அந்தக் கட்டை மணக்கும் நகைச்சுவை. 1912இல் மாக் சென்னட் கீஸ்டோன் ஸ்டூடியோவைத் தொடங்கி, போலீஸ்காரர்களைக் கூட்டங்கூட்டமாக ஓடவும் விழவும் விட்டபோது சொல் சினிமாவுக்கு ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால் அவை ஊமைப்படங்கள். சத்தத்துக்குப் பிறந்த சொல், சத்தமே இல்லாத படங்களால் உலகம் சுற்றியது.

கட்டை இன்றும் உயிரோடுதான் இருக்கிறது, இசைக்குழுவில். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் ஜி மேஜர் பியானோ கான்செர்ட்டோ சாட்டை சொடுக்கியது போன்ற ஓர் ஒலியோடு தொடங்கும். அங்கே சாட்டை கிடையாது. கீல் வைத்த இரண்டு பலகைகளைப் பின்வரிசையில் ஒருவர் அடித்து மூடுவார்.

இனி அந்தச் சொல்லின் முதல் பாதி. ‘ஸ்லாப்’ ஒலியைப் பார்த்துப் பிறந்த சொல் என்கிறார்கள். தமிழில் அதற்கு நேராக நிற்பது ‘அறை’. கன்னத்தில் அறைவதும் அறைதான், பறை அறைவதும் முரசு அறைவதும் அறைதான். பழைய தமிழில் அறைதல் என்றால் சொல்லுதல் என்றுகூடப் பொருள் உண்டு. அடியும் ஓசையும் அறிவிப்பும் ஒரே வினைச்சொல்லில் இருப்பதால் கருவிக்குப் பெயர் வைப்பதில் எனக்குச் சிக்கல் இல்லை: அறைகோல். ஊன்றுகோல், தூண்டுகோல் போல. லாட்ஜ் ரூம் சாவி என்று யாராவது நினைத்துக்கொள்வார்களோ என்ற பயம் மட்டும் இருக்கிறது.

சிக்கல் நகைச்சுவை வகைக்குப் பெயர் வைப்பதில்தான். அதற்குமுன் ஒரு படத்தைப் பார்த்துவிடலாம். இந்த வகையின் குணமும் குற்றமும் அதில் பெரிய எழுத்தில் இருக்கின்றன.

1963இல் வந்த ‘இட்ஸ் எ மேட், மேட், மேட், மேட் வேர்ல்ட்’. இயக்கியவர் ஸ்டான்லி கிராமர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் நாஜி நீதிபதிகள் மீதான விசாரணையைப் படமாக எடுத்திருந்த மனிதர், சிரிப்புக்கும் அவருக்கும் காத தூரம். கதை ஒரு வரி: சாகப்போகிற திருடன் ஒருவன், மூன்றரை லட்சம் டாலர் ஒரு பூங்காவில் பெரிய ‘டபிள்யூ’வின் கீழே புதைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். விடும்போது பக்கத்தில் கிடக்கும் வாளியை உதைக்கிறான். வாளியை உதைப்பது என்றால் ஆங்கிலப் பேச்சில் செத்துப்போவது. நம் ஊரில் ‘மண்டையைப் போட்டான்’ என்பதை நிஜமாகவே மண்டையைக் கழற்றிக் கீழே போட்டுக் காட்டியது போல. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் காரிலும் லாரியிலும் விமானத்திலும் பணத்தைத் தேடிப் பறக்கிறார்கள். அந்தக் காலத்து அமெரிக்கச் சிரிப்பு நடிகர்கள் ஏறக்குறைய எல்லாரும் படத்தில் இருக்கிறார்கள். ஊமைப்படக் காலத்துப் பஸ்டர் கீட்டன்கூடச் சில கணம் வந்து போகிறார். ஒருவரையொருவர் சாத்திக்கொண்டே பேர் வாங்கிய திரீ ஸ்டூஜஸ் மூவரும் தீயணைப்பு வீரர் உடையில் சும்மா நிற்கிறார்கள். ஒன்றுமே செய்வதில்லை. அவர்களைத் தெரிந்தவர்களுக்கு அதுவே போதும்.

இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அறுபது ஆண்டுகளாக இரண்டு கட்சி. பிடித்தவர்கள், வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து ‘அதோ அவர், இதோ இவர்’ என்று முகங்களைக் கண்டுபிடித்த ஞாபகத்தைச் சொல்வார்கள். விளம்பரப் பலகையைக் கிழித்துக்கொண்டு விமானம் போவது நிஜமாகவே பறந்து எடுத்தது, கம்ப்யூட்டர் வேலை இல்லை என்பார்கள். பிடிக்காதவர்கள் முதலில் நீளத்தைச் சொல்வார்கள். அது நியாயம், முதலில் காட்டியபோது படம் 192 நிமிடம், அப்புறம் விநியோகித்த நிறுவனமே வெட்டியது. ஹார்டுவேர் கடையின் அடித்தளத்தில் ஒரு கணவனும் மனைவியும் மாட்டிக்கொண்டு வெடிமருந்து வரை போகும் காட்சியை இன்னும் கொஞ்சம் வெட்டியிருந்தால் நானும் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். அடுத்த புகார், ஒருவர்கூட நல்லவர் இல்லை என்பது. மூன்றாவது புகார்தான் நமக்கு வேண்டியது: ஒரே சத்தம். எல்லாரும் கத்துகிறார்கள், மாமியாராக வரும் எதெல் மெர்மன் வாயை மூடுவதே இல்லை, காது வலிக்கிறது.

காது வலிக்கிறது என்றவர், தெரியாமலே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லிவிட்டார். வலி முதுகிலிருந்து காதுக்கு இடம் மாறுவதுதானே அறைகோலின் வேலை? இந்தப் படம் ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்று ஒன்றே ஒன்றை வென்றது. எதற்கு என்றால், ஒலி விளைவுகளுக்கு. அந்தப் பிரிவே அந்த ஆண்டுதான் தனியாகப் பிரித்து முதல்முறையாக வழங்கப்பட்டது. நடிப்புக்கோ வசனத்துக்கோ கிடைக்காத பரிசு ‘டமார், படார், சடசட’வுக்குக் கிடைத்தது.

இந்தப் படத்தில் எனக்குப் பிடித்த இடம் பெட்ரோல் பங்க். லாரி டிரைவராக வரும் ஜானதன் வின்டர்ஸைப் பைத்தியம் என்று நினைத்து அங்கே வேலை பார்க்கும் இரண்டு பையன்கள் கட்டிப்போடுகிறார்கள். அவர் கட்டை அறுத்துக்கொண்டு எழுந்து, வெறுங்கையால் அந்தப் பங்கையே பிரித்துப் போடுகிறார். சுவர் அப்பளம் போல நொறுங்குகிறது, தண்ணீர்த் தொட்டி சாய்கிறது. இதையே அடிதடியாக எடுத்திருந்தால் இரண்டு பையன்களுக்காகவும் மனம் பதறும். இங்கே பதறுவதில்லை, ஏனென்றால் வலியெல்லாம் கட்டடத்துக்கு. அவர்களுக்கு வெறும் பயம்தான்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் சிரிப்பு பிறக்கும் இடங்கள் நான்கு: ‘எள்ளல் இளமை பேதைமை மடன்’. இதில் அடி இல்லை. அடி எங்கே வருகிறது என்று தேடினால் வெகுளியில், அதாவது கோபத்தில் இருக்கிறது: ‘உறுப்பறை குடிகோள் அலை கொலை’. அலை என்றால் அடித்து வருத்துவது. அடித்தால் கோபம்தான் வரும் என்று தொல்காப்பியர் நேர்மையாகச் சொல்லிவிட்டார். அந்த அடி நகைப் பக்கம் தாவ வேண்டுமானால் வருத்தம் கழன்று, பேதைமை மட்டும் மிஞ்ச வேண்டும். தோற்பாவைக்கூத்தில் இதைப் பார்க்கலாம். ராமாயணம் நடந்துகொண்டிருக்கும்போதே நடுவில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் நுழைந்து ஒருவரையொருவர் சாத்திக்கொள்வார்கள். ஆட்கள் தோலில் செய்தவர்கள், அடித்தால் என்ன வலிக்கும்? சத்தத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து கூத்துக்காரர் கொடுத்துவிடுவார். இரட்டைக் கட்டை நம்மிடமும் இருந்தது, சிப்ளாக்கட்டை. அது என்னவோ கதாகாலட்சேபத்துக்குப் போய்ப் புண்ணியம் தேடிக்கொண்டது.

2019 மே மாதம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஃபேஸ்புக்கில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது ஒரு பக்கம். ‘இதன் பெயர் சுத்தியல், எதையாவது அடித்தால் டங் டங் என்று சத்தம் வரும், காண்ட்ராக்டர் நேசமணியின் மண்டையை இதுதான் உடைத்தது’ என்ற பொருளில் ஒரு தமிழர் பதில் போட்டார். 2001இல் வந்த ‘பிரண்ட்ஸ்’ படத்து வடிவேலு, உலகமெங்கும் நலம் விசாரிக்கப்பட்டார். சொல் விளக்கம் என்றால் இப்படி இருக்க வேண்டும்: பெயர், ஒலி, எடுத்துக்காட்டு. நேசமணிக்கு என்ன ஆயிற்று என்று விவரம் தெரியாதவர்கள் உண்மையான கவலையோடு கேட்டதில்தான் நமக்கு இரண்டாவது முறை சிரிப்பு வந்தது. அவர்களுக்கு அது மண்டை உடைந்த செய்தி, நமக்கு ‘டங்’.

சரி, வகைக்கு என்ன பெயர்? ‘உடல்மொழி நகைச்சுவை’ என்கிறார்கள். அது அகலமான சொல், ஒரு புருவத்தை உயர்த்துவதும் அதில் அடங்கும். பழைய பத்திரிகை விமர்சகர்கள் ‘அங்க சேஷ்டை’ என்று எழுதுவார்கள், கொஞ்சம் முகம் சுளித்துக்கொண்டே. சேஷ்டை வடசொல், அசைவு என்று பொருள். தமிழில் சேட்டையாகிக் குறும்பாகிவிட்டது. நல்ல சொல்தான், ஆனால் சேட்டையில் அடியும் இல்லை, சத்தமும் இல்லை. போதாக்குறைக்கு ஜ்யேஷ்டையிலிருந்து வந்த இன்னொரு சேட்டையும் உண்டு, அவள் மூதேவி. ‘சேட்டை தன் மடியகத்துச் செல்வம் பார்த்திருக்கின்றீரே’ என்று தொண்டரடிப்பொடியாழ்வார் பாடியது அவளைத்தான். மூன்றரை லட்சம் டாலருக்கு ஓடுகிறவர்களுக்கு அந்த வரி பொருந்தும் என்பது வேறு விஷயம். ‘கோமாளித்தனம்’ ஒரு ஆளின் குணம், ஒரு படத்தின் வகை ஆகாது.

என் கட்சி ‘கூத்தடிப்பு’. ‘பசங்க எல்லாம் சேர்ந்து என்ன கூத்தடிக்கிறாங்க பாரு’ என்று எந்த வீட்டிலும் கேட்கலாம். அதில் அடி என்ற சொல் இருக்கிறது, ஆனால் யாருக்கும் வலிக்கவில்லை. கூத்து என்றாலே ஒருவர் போதாது, குழு வேண்டும், கூச்சல் வேண்டும். இது போதாதென்று கூத்தடி என்று எழுதினால் உள்ளே ஒரு ‘தடி’ ஒளிந்திருக்கிறது. கூத்து, அடி என்றுதான் பிரிக்க வேண்டும் என்று இலக்கணம் சொல்லும். காதுக்கு அது தெரியாது. கொஞ்சம் மட்டம் தட்டும் தொனி அந்தச் சொல்லில் உண்டுதான். ஸ்லாப்ஸ்டிக்கையும் ஆங்கிலத்தில் யாரும் மரியாதையாக ஆரம்பிக்கவில்லை.

எழுதிப் பார்த்தால் இடறவில்லை: ‘வசனக் காமெடியில் தேர்ந்தவர், கூத்தடிப்பில் சறுக்கிவிட்டார்.’ ‘கடைசி இருபது நிமிடம் முழுக்கக் கூத்தடிப்பு.’ ஃபார்ஸ் என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் குழப்பம் கதையில் இருக்கும், ஆள்மாறாட்டம், ஒளிந்துகொள்வது, பொய்க்குமேல் பொய். ஒரே படத்தில் இரண்டும் வரலாம், பெரும்பாலும் வருகிறது.

அந்த 1963ஆம் ஆண்டுப் படம் முடிகிற இடம் ஒரு மருத்துவமனை. பணமும் போய், எலும்பும் உடைந்து, ஆண்கள் எல்லாரும் கட்டுக்களோடு இருண்ட முகத்தோடு கிடக்கிறார்கள். மூன்று மணி நேரத்தில் முதல்முறையாக வலி நிஜமாகத் தெரிகிறது, ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போது அந்த மாமியார் திட்டிக்கொண்டே உள்ளே வருகிறார். தரையில் ஒரு வாழைப்பழத் தோல் கிடக்கிறது. தொபுக்கடீர்.