முதல் வார எரிச்சலைத் தாண்டினால்: ஸ்டீராய்டு இல்லாத எக்சிமா களிம்புகள்

எக்சிமாவுக்கு (தோல் சிவந்து, அரித்து, வெடிக்கும் அழற்சி நோய்) டாக்ரோலிமஸ் களிம்பு வாங்கியவர்களில் பலர் அதை மூன்றாம் நாளே ஓரம் கட்டிவிடுகிறார்கள். பூசிய இடம் மிளகாய் பட்டது போல எரிகிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மிளகாய் என்று அவர்கள் சொல்வது வெறும் உவமை இல்லை. மிளகாயிலுள்ள காப்சைசின் நரம்பு நுனியில் எந்த ஏற்பியைத் தட்டி எழுப்புகிறதோ, அந்த டி.ஆர்.பி.வி.1 ஏற்பியைத்தான் இந்த மருந்தும் தூண்டுகிறது. சில நாள் தொடர்ந்து பூசினால் நரம்பு நுனியில் சேர்ந்திருந்த வேதித் தூதுவர்கள் தீர்ந்துபோய், எரிச்சல் அடங்குகிறது. அரிப்பு குறைவதிலும் இதற்கு ஒரு பங்குண்டு. பெரும்பாலோருக்கு இது முதல் வாரத்தோடு முடிந்துவிடும் தொல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ‘ஸ்டீராய்டு இல்லாத’ என்றதும் மூட்டு வலிக்குத் தேய்க்கும் டைக்ளோஃபெனாக் ஜெல்லை எடுத்துப் பூசுகிறவர்கள் உண்டு. அதற்கும் எக்சிமாவுக்கும் சம்பந்தமில்லை. வெடித்த தோலில் அது புண்ணைக் கூட்டவே செய்யும். இங்கே பேசுவது டாக்ரோலிமஸ், பைமெக்ரோலிமஸ் ஆகிய இரண்டையும், அவற்றுக்குப் பின் வந்த சிலவற்றையும் பற்றி.

1984-இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து டாக்ரோலிமஸ் பிரித்தெடுக்கப்பட்டது. மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க அதை வாய்வழியாகக் கொடுத்தார்கள். களிம்பு பிறகுதான் வந்தது. எக்சிமாவில் தோலுக்குள் இருக்கும் டி செல்கள் (நோய் எதிர்ப்புச் செல்கள்) தேவையில்லாமல் கிளர்ந்தெழுகின்றன. அந்தச் செல்லுக்குள் கால்சிநியூரின் என்ற நொதி ஒரு சாவியைத் திருப்பினால்தான் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் உற்பத்தியாகும். டாக்ரோலிமஸ் செல்லுக்குள் புகுந்து வேறொரு புரதத்தோடு சேர்ந்து அந்த நொதியை முடக்குகிறது. ஸ்டீராய்டு அப்படியல்ல, அது பலவகைச் செல்களில் ஒரே நேரத்தில் கைவைக்கும். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் உற்பத்தியையும் குறைத்துவிடும். நெடுநாள் ஸ்டீராய்டில் தோல் மெலிவது இதனால்தான். டாக்ரோலிமஸ் கொலாஜனைத் தொடுவதில்லை. ஆகவே கண்ணிமை, முகம், கழுத்து, அக்குள், தொடையிடுக்கு போன்ற மெல்லிய தோலுக்கு இது தோதான மருந்து. கையிலும் காலிலும் தடித்துப்போன திட்டுக்கு, என் கணிப்பில், ஸ்டீராய்டே முந்திக்கொள்ளும்.

இதன் மூலக்கூறு பெரியது: சுமார் 800 டால்டன் (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு). நல்ல தோலுக்குள் 500 டால்டனுக்கு மேற்பட்டவை எளிதில் புகுவதில்லை. எக்சிமாவால் சிதைந்த தோலில் மருந்து இறங்கும். தோல் ஆற ஆற வழி அடைபட்டு, உள்ளே போகும் அளவும் குறையும். இரத்தத்தில் பெரும்பாலும் மிகச் சொற்பமே சேர்வதற்கு இது ஒரு காரணம். நெதர்டன் நோய் போலப் பிறவியிலேயே தோலின் தடுப்புச் சுவர் பழுதானவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் பூசக்கூடாது.

2 முதல் 15 வயது வரை 0.03% களிம்பு, 16 முதல் 0.1%-உம் உண்டு. பைமெக்ரோலிமஸ் 1% கிரீம் சற்று மென்மையானது. நாளைக்கு இருமுறை, மெல்லிய படலமாக. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். இரு முழங்கை மடிப்புகளுக்கும் சேர்த்து அவ்வளவுதான் தேவை என்றால் ஒரு நாளைக்கு 1 கிராம், 30 கிராம் டியூப் ஒரு மாதம் வரும். பத்தே நாளில் தீர்ந்தால் அப்பிப் பூசுகிறீர்கள். மூன்று மாதம் வந்தால் போதாமல் பூசுகிறீர்கள்.

குளித்த ஈரத்தோடு பூசினால் எரிச்சல் கூடும். தோல் நன்றாக உலரட்டும். மாய்ஸ்சரைசருக்கும் களிம்புக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். டியூபைக் குளிர்சாதனப் பெட்டியில் (உறைபெட்டியில் அல்ல) வைத்தால் எரிச்சல் குறைவாகத் தெரியும். தோல் ரொம்பச் சிவந்து கொதிக்கும் நிலையில் முதலில் சில நாள் ஸ்டீராய்டு கொடுத்து அடக்கி, பிறகு இதற்கு மாற்றும் மருத்துவர்கள் உண்டு. அது நல்ல யோசனை. பூசிய இடத்தைப் பிளாஸ்டிக்காலோ ஈரத் துணியாலோ சுற்றிக் கட்டக்கூடாது, அளவுக்கு மேல் உள்ளே இறங்கிவிடும். கைக்கே மருந்து பூசவில்லையென்றால் பூசி முடித்ததும் கையைக் கழுவுங்கள். வெயிலில் அந்த இடத்தை மறைத்துக்கொள்ளுங்கள். மது அருந்தினால் சிலருக்கு முகம் சில நிமிடங்களில் சிவந்து சுடும், தானே தணிந்துவிடும்.

ஆறிய பிறகு அடிக்கடி திரும்பும் இடங்களில், மருத்துவர் சொன்னால், வாரம் இருநாள் பூசிவரலாம். திங்கள், வியாழன் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஓராண்டானதும் தொடரலாமா என்று பரிசீலிக்க வேண்டும். ஆறு வாரமாகியும் பலனில்லையென்றால், அது எக்சிமாதானா என்பதையே மறுபடி பார்க்க வேண்டும். படர்தாமரையும் சொறியும் பலமுறை எக்சிமா வேடம் போடுகின்றன.

மருந்தோடு வரும் குறிப்பிலுள்ள புற்றுநோய் எச்சரிக்கை பலரை மிரட்டுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-இல் அதைச் சேர்த்தது. அதற்கு அடிப்படை, அதிக அளவு மருந்து கொடுத்த விலங்குகள், மருந்தை வாய்வழி உட்கொண்ட உறுப்பு மாற்று நோயாளிகள், சில தனித்தனி நோயாளிக் குறிப்புகள் ஆகியவை. களிம்பு பூசிய சுமார் 8,000 குழந்தைகளைப் பத்தாண்டு வரை கவனித்த ஆய்வில், புற்றுநோய் எதிர்பார்த்ததற்கு மேல் கூடியதாகத் தெரியவில்லை. ஆனாலும் புற்றுநோய் அல்லது அதன் முன்னோடி மாற்றமுள்ள தோலில் இதைப் பூசுவதில்லை.

பின் வந்த மருந்துகளில், கிரிசபோரோல் 2% களிம்பு வேறொரு நொதியை (பி.டி.இ.4) தடுக்கிறது, அதுவும் எரியும். ரக்சோலிடினிப் 1.5% கிரீமுக்கு எல்லை கண்டிப்பானது: உடற்பரப்பில் 20%-க்குள், வாரம் 60 கிராமுக்குள்.

எரிச்சலைப் பொறுக்கலாம், தொற்றைப் பொறுக்கக்கூடாது. மஞ்சள் பொருக்கோ சீழோ தென்பட்டால் அங்கே களிம்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். துளைத்தெடுத்தது போன்ற சிறு வட்டப் புண்கள் கூட்டமாகத் தோன்றி, வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அது ஹெர்பீஸ் வைரஸ் பரவலாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணருகே என்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.