அழுத்தம் 15 என்றால் கண் நலம் என்று அர்த்தமில்லை

சென்ற வாரம் வந்தவருக்கு 46 வயது. பிளாஸ்டிக் உறையில் ஐந்து வருட ரிப்போர்ட்டுகளை அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். கண் அழுத்தம் 14, 15, 14 (பாதரச மில்லிமீட்டர் கணக்கில்). ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'நார்மல்' என்று எழுதியிருந்தது. ஆனால் இரண்டு கண்ணிலும் பார்வைப் பரப்பின் மேற்பகுதி பெருமளவு போய்விட்டது. பார்வை நரம்பு மெல்லத் தேயும் கிளாக்கோமா நோய். பாதி இறக்கியிருந்த கடை ஷட்டரில் நெற்றியை இடித்துக்கொண்ட பிறகுதான் சந்தேகமே வந்திருக்கிறது. கருவிழியின், அதாவது கண்ணின் முன்பக்கத்து ஒளி ஊடுருவும் படலத்தின், தடிமனை அளந்தேன்: 452 மைக்ரான், அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. "இருபது வருடம் முன்பு லேசிக் செய்தேன். அதையும் சொல்ல வேண்டுமா?" என்றார். இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாமவர்.

சொல்லத்தான் வேண்டும், அதுவும் முதலில். லேசிக் என்பது கண்ணாடி தேவைப்படாதபடி கருவிழியை லேசரால் செதுக்கும் சிகிச்சை; கருவிழி மெலிந்துவிடும். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை நாங்கள் உள்ளே போய் அளப்பதில்லை. கருவிழியை வெளியிலிருந்து அழுத்தி, அது எவ்வளவு எதிர்க்கிறது என்றுதான் பார்க்கிறோம். 1950களில் கண் மருத்துவர் கோல்ட்மேன் கண் அழுத்தம் அளக்கும் தன் கருவியை வடிவமைத்தபோது, கருவிழி ஏறக்குறைய 520 மைக்ரான் இருக்கும் என்று வைத்துக்கொண்டார். அதைவிட மெலிந்த கருவிழி எளிதில் வளைந்து கொடுத்துவிடும். அளவு குறைவாகக் காட்டும். தடித்தது உண்மையைவிடக் கூட்டிக் காட்டும்.

அழுத்தம் 21க்குள் இருந்தால் நார்மல் என்று அந்த எண்ணை எல்லைக்கோடாகப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பலருடைய கண்களை அளந்து, சராசரியிலிருந்து கணக்கிட்டு எடுத்த எண் அது. உங்கள் பார்வை நரம்பு எவ்வளவு தாங்கும் என்பது அதற்குத் தெரியாது. அழுத்தம் ஒருநாளும் 21ஐத் தாண்டாமலே நரம்பு தேய்ந்தவர்கள் ஏராளம். ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் அளவு மாறுவதும் உண்டு. எண்ணை மட்டும் பார்த்து யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களை அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்து 2002இல் ஓர் ஆய்வு வெளியானது. 588 மைக்ரானுக்கு மேல் தடிமன் உள்ளவர்களைவிட, 555 அல்லது அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு நோய் வரும் அபாயம் மூன்று மடங்கு. தடிமன் என்பது அழுத்த அளவைத் திருத்தும் வெறும் கணக்கு அல்ல; அதுவே தனியாக அபாயத்தைக் காட்டும். சக மருத்துவர்களே, சூத்திரம் போட்டு 15ஐ 19 ஆக்கி எழுதாதீர்கள். எல்லாக் கண்ணுக்கும் பொருந்தும் சூத்திரம் இல்லை. நீர்கோத்து வீங்கிய கருவிழி தடித்திருந்தும் குறைத்தே காட்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 620 மைக்ரான் தடிமன், 25 அழுத்தம், பழுதில்லாத நரம்பு: இப்படி ஓர் அம்மா நான்கு வருடம் சொட்டு மருந்து போட்டுக் கண் சிவந்து வந்தார். நிறுத்திவிட்டுக் கவனித்து வருகிறோம். தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தடிமனை அளக்க ஒரு நிமிடம் போதும். மரத்துப்போகும் சொட்டு விட்டு, கருவியின் முனையால் தொட்டு அளவு எடுத்துவிடுவோம். நாற்பது தாண்டியவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் உள்ளவர்கள், ஸ்டீராய்டு சொட்டு பயன்படுத்துபவர்கள் நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். லேசிக்குக்கு முந்தைய அளவுச் சீட்டைத் தொலைக்காதீர்கள்.

அந்த 46 வயதுக்காரருடைய தம்பியும் லேசிக் செய்தவராம். திங்கட்கிழமை அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.