பந்தயத் துடுப்புப் பலகையின் அகலம்: நின்றபடி விரைவதன் இயற்பியல்

நின்றபடி துடுப்பு போட்டுச் செல்லும் ‘ஸ்டாண்ட்-அப் பேடல்போர்டு’ வகைகளில் பந்தயத்துக்கென்று செய்யப்படும் பலகைகள் தனி இனம். பொழுதுபோக்குக்கான பலகை பெரும்பாலும் பத்தரை அடி நீளமும் 32 அங்குல அகலமும் வட்டமான முகப்பும் கொண்டிருக்கும். பந்தயப் பலகையோ 14 அடி நீளத்தில், 21 முதல் 28 அங்குலத்துக்குள் அடங்கும் அகலத்தில், தண்ணீரைக் கிழித்துச் செல்லும் கூர்முகப்போடு இருக்கும். முதன்முறையாக இத்தகைய பலகையை வாங்க நினைப்பவர்கள் அநேகமாக எல்லாரும் கேட்பது, எந்தப் பலகை வேகமானது என்பதைத்தான். இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடையாது. பலகைக்கென்று தனியாக ஒரு வேகம் இல்லை. தண்ணீர் பலகைக்குத் தரும் தடையும், அதன்மேல் நிற்பவர் விழாமல் நின்றுகொண்டே துடுப்பின் வழியாகச் செலுத்தக்கூடிய ஆற்றலும் சேர்ந்துதான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. பலகையைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் முதலாவதை மட்டும் கணக்கில் கொள்வதால் நேர்பவை.

முதலில் தண்ணீரின் தடையைப் பார்ப்போம். நகரும் எந்தப் பலகையும் தன் முகப்பில் ஓர் அலையை எழுப்புகிறது. அந்த அலையும் பலகையின் வேகத்திலேயே அதனுடன் பயணம் செய்கிறது. ஆழமான நீரில் ஓர் அலையின் வேகம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமைவதால், பலகை விரைய விரைய அது எழுப்பும் அலையின் முகடுகளுக்கு இடைப்பட்ட தூரம் கூடிக்கொண்டே போகும். மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் அந்தத் தூரம் ஏறத்தாழ 2.4 மீட்டர்; 8 கி.மீ. வேகத்தில் 3.2 மீட்டர், 9 கி.மீ. வேகத்தில் 4 மீட்டர். அலையின் நீளம் பலகையின் நீளத்தை எட்டும்போது முகப்பு ஒரு முகட்டிலும் வால்பகுதி அடுத்த முகட்டிலும் இருக்கும். அதையும் தாண்டி வேகம் கூடினால் வால்பகுதி பள்ளத்தில் இறங்கத் தொடங்க, துடுப்பு போடுபவர் தானே எழுப்பிய அலையின்மேல் ஏற முயல்பவராகிறார். அந்த இடத்தில்தான் தடை செங்குத்தாக உயர்கிறது.

கப்பல்களின் தடையைச் சிறிய மாதிரிகளை இழுத்துப் பார்த்து அளக்கும் முறையை நிலைநாட்டிய வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், 1870-களின் தொடக்கத்தில் டார்க்கே நகரில் அதற்கென்றே ஒரு நீர்த்தொட்டியை அமைத்துச் சோதனைகள் செய்தார். நீளமும் வேகமும் இப்படிப் பிணைந்திருப்பதை அவருடைய ஆய்வுகள் அளவுகளாக்கின. பந்தய விதிகள் பலகையின் நீளத்தை வரையறுப்பதற்கும் இதுவே காரணம். 14 அடி, பன்னிரண்டரை அடி என்ற இரண்டு நீளங்களே பந்தயங்களில் பரவலாக வழங்குகின்றன. மீட்டரில் சொன்னால் அவை 4.27, 3.81. மேலே சொன்ன கணக்கின்படி, மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் எழும் 4 மீட்டர் அலை இந்த இரண்டு நீளங்களுக்கும் சரியாக நடுவில் விழுகிறது. 14 அடிப் பலகையின் நீளத்துக்குள் அந்த அலை இன்னும் அடங்கி நிற்க, பன்னிரண்டரை அடிப் பலகையின் வால் அப்போதே இறங்கத் தொடங்கியிருக்கும்.

அலையின் நீளம் பலகையின் நீளத்தை எட்டும் இந்த வேகத்தைச் சிலர் தாண்ட முடியாத சுவர் என்று எழுதுவதுண்டு, அது சரியன்று. நீளத்தோடு ஒப்பிட அகலம் மிகக் குறைந்த உடல்கள் எழுப்பும் அலை சிறியது என்பதால், மெலிந்த பலகையில் வலுவான வீரர் அந்த எல்லையைச் சற்றுத் தாண்டியும் செல்ல முடியும். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். அலையை விட்டுவிட்டு, பலகையின் நனைந்த பரப்பில் ஏற்படும் உராய்வை மட்டும் எடுத்துக்கொண்டாலும், தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம் என்ற பெருக்கலுக்கு) ஏற்ப உயர்கிறது, 8 கி.மீ. வேகத்திலிருந்து 9 கி.மீ. வேகத்துக்குப் போக ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். அலைத் தடையும் சேரும்போது இது இன்னும் கூடும். எனவே மணிக்கு 7 கி.மீ. வேகத்தைத் தாண்டாத, உடல் எடை குறைந்த ஒருவருக்கு 14 அடி நீளத்தால் பெரிய ஆதாயம் இல்லை. அவர் அந்த நீளத்தின் முழுப் பயனைத் தொடுவதற்கு முன்பே, கூடுதல் நனைந்த பரப்பின் உராய்வையும் காற்றில் திரும்பிக்கொள்ளும் நீண்ட முகப்பையும் சுமக்க வேண்டியிருக்கும்.

நீளத்தை விதி முடிவு செய்துவிடுவதால், தேர்வு உண்மையில் நடக்கும் இடம் அகலம். அகலம் குறைந்தால் அலைத் தடை குறையும், துடுப்பைப் பலகையின் நடுக்கோட்டுக்கு நெருக்கமாகச் செங்குத்தாக இறக்கலாம், அதனால் ஒவ்வொரு வீச்சிலும் பலகை பக்கவாட்டில் திரும்புவது குறையும். இவை எல்லாம் உண்மையான ஆதாயங்களே. ஆனால் நிலைப்பு அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. 28 அங்குலத்திலிருந்து 26 அங்குலத்துக்கு இறங்கினால் அகலம் 7 சதவீதம்தான் குறைகிறது. சாய்ந்த பலகையை மீண்டும் நிமிர்த்தும் திறனோ ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்துவிடுகிறது. 30 அங்குலத்திலிருந்து 24 அங்குலத்துக்கு இறங்குபவர் அதில் பாதியை இழக்கிறார்.

இதன் பொருளை இன்னும் தெளிவாக்க, கப்பல் கட்டுபவர்கள் பயன்படுத்தும் மெட்டாசென்டர் என்ற புள்ளியைக் கவனிக்கலாம். மிதக்கும் பொருள் சற்றே சாயும்போது மிதப்பு விசை செயல்படும் கோடு எந்த உயரத்தில் நடுக்கோட்டை வெட்டுகிறதோ, அந்த உயரமே இது. நிற்பவரின் ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இருந்தால் பலகை தானாக நிமிரும். மேலே இருந்தால் தானாகக் கவிழும். 80 கிலோ எடையுள்ள ஒருவர் நிற்கிறார் என்று கொண்டு தோராயமாகக் கணக்கிட்டால், 24 அங்குல அகலமுள்ள 14 அடிப் பலகையில் இந்தப் புள்ளி நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் அளவுக்கு மேலே அமைகிறது. 30 அங்குலப் பலகையில் அது ஒரு மீட்டரை நெருங்குகிறது. 32 அங்குலப் பொழுதுபோக்குப் பலகையில் ஒரு மீட்டரைத் தாண்டுகிறது. நிற்கும் மனிதரின் ஈர்ப்பு மையமோ பாதத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே அசையாத ஒரு பொம்மையை அதே உயரத்தில், அதே எடையில் செய்து நிறுத்தினால், பொழுதுபோக்குப் பலகை அதை அமைதியான நீரில் ஏந்தி நிற்கும். மெலிந்த பந்தயப் பலகை அதை உடனே தண்ணீரில் தள்ளிவிடும்.

அந்தப் பொம்மை செய்ய முடியாததை வீரரின் கணுக்கால்களும் இடுப்பும் இடைவிடாமல் செய்துகொண்டிருக்கின்றன. பலகை சாய்வதைப் பாதமும் உட்காதும் கண்டறிந்து தசைகளுக்குச் செய்தி போய்ச் சேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை ஆகிறது. அதற்குள் பலகை எவ்வளவு சாய்ந்துவிடுகிறது என்பதைப் பொறுத்தே திருத்தத்தின் அளவு அமைகிறது. தன் திறனுக்கு மிஞ்சிய மெலிந்த பலகையில் நிற்பவரை அருகிலிருந்து பார்த்தால் இது புலப்படும். கால்விரல்கள் தளத்தைக் கவ்விப் பிடித்திருக்கும்; பார்வை தூரத்து மிதவையில் இல்லாமல் பலகையின் முகப்பிலேயே நிலைத்திருக்கும்; துடுப்பை நீரிலிருந்து எடுக்கும்போது அதன் அலகு ஒரு கணம் நீர்ப்பரப்பில் தட்டையாக ஊன்றி நிற்கும். அந்தக் கணத்தில் துடுப்பு பலகையைச் செலுத்தவில்லை, ஊன்றுகோலாகத்தான் பயன்படுகிறது. முன்னால் நன்றாக எட்டிப் பிடிக்க வேண்டிய வீச்சு அரை வீச்சாகச் சுருங்கும். குறுகிய அகலத்தால் கிடைத்த சில சதவீதத் தடைக் குறைவு, சுருங்கிய வீச்சில் இழந்த திறனுக்கு ஈடாகாது. என் கணிப்பில், இரண்டு அகலங்களுக்கு இடையே தயங்கும் புதியவர் அகலமானதை எடுத்துக்கொள்வதே பெரும்பாலும் அதிக வேகம் தரும்.

இந்தச் சிக்கலை வடிவமைப்பாளர்கள் சுற்றிக் கடக்கும் வழிகளில் முக்கியமானது குழிந்த தளம். சுவர்போன்ற பக்கங்களுக்கு நடுவே நிற்குமிடத்தைச் சில அங்குலங்கள் தாழ்த்திவிட்டால் ஈர்ப்பு மையம் அவ்வளவுக்கு இறங்குகிறது. பலகை வெகுவாகச் சாயும்போது உயர்ந்த பக்கச்சுவர் நீரில் அமிழ்ந்து கூடுதல் மிதப்பைத் தருகிறது. குழிக்குள் வரும் தண்ணீர் வெளியேறத் துளைகள் இருக்கும். அவை சிறியவையாக இருந்தால் அலைகளுக்கு நடுவே பல லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு துடுப்பு போட நேரும். பட்டியலில் போடப்படும் மொத்தக் கொள்ளளவு லிட்டர்களை நிலைப்பின் அளவாக எடுத்துக்கொள்வதும் தவறு. அதில் கணிசமான பகுதி நீருக்கு மேலே பக்கச்சுவர்களிலும் முகப்பிலும் இருக்கிறது. நீர்மட்டத்தில் பலகை எவ்வளவு அகலமாக இருக்கிறது, அந்த அகலம் வால்வரை எவ்வளவு தூரம் தொடர்கிறது என்பவையே நிலைப்பைத் தீர்மானிப்பவை. அதனால் ஒரே 25 அங்குலம் என்று எழுதப்பட்ட இரண்டு பலகைகள் காலுக்கடியில் முற்றிலும் வேறாக இருக்கக்கூடும். ஒன்றின் அகலம் நடுவில் ஓரிடத்தில் மட்டும் இருக்கும். மற்றொன்றில் அது நெடுக ஓடும். உருண்டை அடிப்பாகம் நனைந்த பரப்பைக் குறைத்து உருளலை, அதாவது பக்கவாட்டு ஆட்டத்தை, கூட்டுகிறது. தட்டையான அடிப்பாகம் அதற்கு நேர்மாறு.

பலகை எந்தத் தண்ணீரில் ஓடப்போகிறது என்பதும் வடிவத்தை மாற்றுகிறது. நெதர்லாந்தில் ஃபிரீஸ்லாந்தின் கால்வாய்கள் வழியாக ஐந்து நாட்களில் 220 கி.மீ. கடக்கும் ‘11 சிட்டி டூர்’ போன்ற பந்தயத்தில், நீர்மட்டத்தை நெடுகத் தொட்டுச் செல்லும் நேரான அடிப்பாகமும் நீரைக் கிழிக்கும் முகப்பும் பயன் தரும். ஹவாயில் மொலோகாய் தீவிலிருந்து ஓவாஹு தீவுக்குக் காய்வி நீரிணையைக் கடக்கும் ஏறத்தாழ 52 கி.மீ. பந்தயம் இதற்கு எதிர்முனை. அங்கே காற்று பின்னாலிருந்து தள்ள, வீரர் அலையிலிருந்து அலைக்குத் தாவிச் செல்கிறார். 6 மீட்டர் நீளமுள்ள காற்றலை மணிக்கு 11 கி.மீ. வேகத்தில் நகர்கிறது; சில வலுவான வீச்சுகளால் அந்த வேகத்தைத் தொட்டுவிட்டால் பிறகு அலையே பலகையைச் சறுக்கிக் கொண்டுபோகும். அந்தச் சரிவில் இறங்கும்போது நேரான முகப்பு முன்னலையின் முதுகில் புதைந்துவிடும் என்பதால், முகப்பை மேல்நோக்கி வளைத்துச் செய்கிறார்கள். நீள வரம்பற்ற பிரிவில் காலால் இயக்கும் சுக்கானும் உண்டு. இவ்வளவு வளைந்த பலகையைக் கால்வாயில் ஓட்டினால், நீரைத் தொடும் நீளம் குறைந்து, 14 அடிக்குப் பணம் கொடுத்தும் பன்னிரண்டரை அடியின் பலனே கிடைக்கும்.

ஆழமும் ஒரு பொருட்டுதான். நீர் ஆழமற்றதாகும்போது அலையின் வேகத்துக்கு ஆழமே வரம்பு விதிக்கிறது. 60 செ.மீ. ஆழத்தில் அந்த வரம்பு மணிக்கு ஏறத்தாழ 8.7 கி.மீ. ஆகவே வேகமாக வந்த பலகை கரையோர மேட்டின்மேல் ஏறியதும் யாரோ வாலைப் பிடித்து இழுப்பதுபோல் தளர்ந்துபோகும். பலகையைச் சோதித்துப் பார்ப்பவர்கள் கரையோரத்திலேயே சுற்றிவிட்டு அதை மந்தமானது என்று ஒதுக்கிவிடுவது இதனால் நேரும் வேடிக்கை.

வால்பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டியது, மிதவையைச் சுற்றித் திரும்பும்போது வீரர் பின்னால் அடியெடுத்து வாலின்மேல் நிற்பார், முகப்பு நீரைவிட்டு எழும்பும், பலகை வாலை மையமாகக் கொண்டு சுழலும் என்பதுதான். முள்போல் ஒடுங்கிய வாலில் இது கடினம். சதுரமாக வெட்டப்பட்ட அகன்ற வாலில் எளிது. அடியில் பொருத்தும் ஒற்றை ஃபின் (மீன் துடுப்பு போன்ற தகடு) பலகையை நேராக ஓடவைப்பதோடு உருளலையும் சற்றே தணிக்கிறது. பெரிய ஃபின் கூடுதல் உறுதி தரும், கூடுதல் உராய்வும் தரும். பாசி மிகுந்த நீரில் நன்றாகப் பின்னோக்கிச் சாய்ந்த ஃபின் இல்லாவிட்டால், சிக்கிய ஓர் இழை பாசியே அரை அங்குல அகலக் குறைப்பின் பலனைத் தின்றுவிடக்கூடும்.

எடையைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது. அதற்கு அவ்வளவு தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை. கார்பன் இழையால் ஆன 14 அடிப் பலகை பெரும்பாலும் 10 முதல் 13 கிலோ வரை இருக்கும். அதில் ஒரு கிலோவைக் குறைப்பது ஆளும் பலகையும் சேர்ந்த மொத்த எடையில் ஒரு சதவீதம்தான். அதற்கான பணத்தை நல்ல துடுப்பில் போடலாம். விறைப்பு அதைவிட முக்கியமானது. காற்றடைக்கும் பலகை, உள்ளே ஆயிரக்கணக்கான நூல்களால் இணைக்கப்பட்ட இரண்டு துணிப்பரப்புகளால் ஆனது. 15 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) அளவுக்கு அழுத்தம் ஏற்றினாலும் 14 அடி நீளத்தில் அது ஆளின் எடைக்கு நடுவில் சற்றே தொய்யும், ஒவ்வொரு வீச்சிலும் மேலும் கீழும் துள்ளும். பெரும்பாலும் 15 செ.மீ. தடிப்பாக இருப்பதால் நிற்பவரையும் உயர்த்திவிடும். ஒரு கை மாறிய கார்பன் பலகையை வாங்குவதானால் அதை எடை போட்டுப் பார்ப்பது நல்லது. தயாரிப்பாளர் குறிப்பிட்டதைவிட இரண்டு கிலோ கூடுதலாக இருந்தால், விரிசல் வழியே உள்ளிருக்கும் நுரைக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம்.

இவ்வளவு கணக்குக்குப் பிறகும், இரண்டு பலகைகளுக்கு இடையே முடிவெடுக்கத் தண்ணீரில் ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும். ஓட்டிப் பார்ப்பதிலும் முறை உண்டு. அமைதியான காலையில் ஐந்து நிமிடம் ஓட்டினால் மெலிந்த பலகையே வெல்லும். அதனால் சோதனையைப் பந்தயத்தின் கடைசிப் பகுதியைப் போல அமைக்க வேண்டும். கால்கள் களைத்த பிறகு, பக்கவாட்டில் சிற்றலைகள் அடிக்கும் நீரில், காற்றின் தாக்கம் கழிந்துபோகும்படி ஒரே தூரத்தைப் போகவும் வரவும் ஓட்டி, இரண்டு பலகைகளிலும் இதயத் துடிப்பு ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும்படி உழைத்து, நேரத்தை ஒப்பிட வேண்டும். நடுவில் ஒரு மிதவையைச் சுற்றித் திரும்பிப் பார்க்க வேண்டும். ஓடும்போது கண் எங்கே நிற்கிறது என்பதை உடன் வருபவர் ஒருவர் கவனித்துச் சொன்னால் இன்னும் நல்லது. பார்வை தொடர்ந்து முகப்பிலேயே விழுந்துகொண்டிருந்தால், கடிகாரம் என்ன காட்டினாலும், ஒரு படி கூடுதலான அகலத்தில் அதே வடிவம் கிடைக்கிறதா என்று பார்ப்பதே சரி.