பழைய மஸ்டாங்குக்கு டிஸ்க் பிரேக்: தட்டை மாத்தினா மட்டும் பத்தாது

1965 ஃபோர்டு மஸ்டாங் மாதிரி பழைய அமெரிக்க கார் வச்சிருக்கவங்க இன்ஜின் சத்தத்த பத்தி மணிக்கணக்கா பேசுவாங்க, ஆனா வண்டியோட வயசு தெரியறது பிரேக்க மிதிக்கும்போதுதான். சாதாரணமா நாலு வீல்லயும் டிரம்தான் (வீலோட சுத்தற கிண்ணம், உள்ள இருந்து ஷூங்கற வளைஞ்ச கட்டைங்க அழுத்தி உரசும்), முன்னாடி டிஸ்க் (வீலோட சுத்தற தட்டு, ரெண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிக்கும்) வேணும்னா தனியா காசு. பெடல் மிதிய ஆயில் பிரஷரா மாத்தி வீலுக்கு அனுப்பற மாஸ்டர் சிலிண்டர்லயும் ஒரே அறை, எங்கயாவது ஒரு பைப் புட்டுக்கிச்சுன்னா மொத்த பிரேக்கும் காலி. ரெட்டை அறை 1967 மாடல்லதான் வந்துச்சு.

டிரம்ம மட்டம்னும் சொல்லிட முடியாது. ஷூ உள்ள உரசுனதும் சுத்தற டிரம்மே அத இழுத்து இன்னும் இறுக்கிக்கும், அதனால கால லேசா வச்சாலே போதும். வில்லங்கமும் அதுலதான். ஒரு பக்க ஷூவோட லைனிங்ல, அதாவது உரசற பட்டையில, கொஞ்சம் ஈரம் பட்டா அந்த வித்தியாசமும் சேர்ந்து பெருசாகி ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்கும்.

அப்புறம் சூடு. 1300 கிலோ வண்டி 100 கிமீ வேகத்துல இருந்து நிக்கணும்னா சுமார் 500 கிலோஜூல் சூடா மாறணும், ஒன்றரை லிட்டர் பச்சத்தண்ணிய கொதிக்க வைக்கற அளவு, அதுல பெரும்பங்கு முன் வீல் தலையிலதான், ஏன்னா பிரேக் போட்டதும் எடை முன்னாடி சாயும். சூடேறுன டிரம் விரிஞ்சு ஷூவ விட்டு விலகும், பெடல் கீழ போகும். டிஸ்க் விரிஞ்சா பேட் பக்கம்தான் வரும், காத்தும் நேரா படும். ஆனா ஒரே ஒரு தடவை சடன் பிரேக்னா எவ்ளோ தூரத்துல நிக்கும்ங்கறத டயர் பிடிப்புதான் முடிவு பண்ணும், நல்ல டிரம்மும் வீல சுத்தவிடாம லாக் பண்ணிடும். மலை இறக்கத்துல திரும்பத் திரும்ப மிதிக்கும்போதுதான் டிஸ்க்கோட அருமை தெரியும்.

சரி, பேட்ட டிஸ்க் மேல அழுத்தற கேலிபர மாட்டியாச்சு, பெடல் ஏன் இவ்ளோ கெட்டியா இருக்கு? டிரம் தானா இழுத்துக்கிட்ட அந்த உதவி டிஸ்க்ல கிடையாது, ஆயில் பிரஷர் மட்டும்தான். ஒண்ணு இன்ஜின் உறிஞ்சற வெற்றிடத்த வச்சு மிதிக்கு பலம் கூட்டற வேக்கூம் பூஸ்டர் வைக்கணும், இல்ல மாஸ்டர் சிலிண்டரோட போர, அதாவது உள்விட்டத்த, குறைக்கணும். 1 இன்ச்ல இருந்து 7/8 இன்ச்சுக்கு வந்தா அதே மிதிக்கு 30 சதவீதம் கூடுதல் பிரஷர் கிடைக்கும், பதிலுக்கு பெடல் கூடுதல் தூரம் இறங்கும்.

நெறைய பேர் கோட்டை விடறது பழைய மாஸ்டர் சிலிண்டர்ல ஒளிஞ்சிருக்க ஒரு குட்டி வால்வுல. டிரம்முக்காக பிரேக் லைன்ல 10 பிஎஸ்ஐ (டயர் காத்து அளக்கற அதே அளவு) கிட்ட பிரஷர எப்பவும் பிடிச்சு வச்சிருக்கும். டிரம்ல ஷூவ பின்னாடி இழுக்க ஸ்பிரிங் இருக்கு, அதனால பாதகமில்ல. கேலிபர்ல ஸ்பிரிங் இல்ல, பிஸ்டனை சுத்தியிருக்க ரப்பர் சீல் முறுக்கு விட்டு திரும்பும்போது மயிரிழை பின்வாங்கறதோட சரி. அந்த வால்வு முன் லைன்ல இருந்தா பேட் உரசிக்கிட்டே ஓடி சூடேறும்.

பின்னாடி இன்னும் டிரம்தானே, கூடுன பிரஷர் அங்கயும் போகும். ஏற்கனவே எடை குறைஞ்சு நிக்கற பின் வீல் முதல்ல லாக் ஆச்சுன்னா வண்டி வால சுழட்டிடும். அதனால பின் லைன்ல பிரஷர குறைக்கற ஒரு புரபோர்ஷனிங் வால்வு கட்டாயம், முன் வீல் கொஞ்சம் முந்தி லாக் ஆகற மாதிரி திருகி வைக்கணும்.

டிஸ்க் மாத்தற கிட் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி வீல் நட்டையும் எண்ணிக்கங்க. ஆறு சிலிண்டர் இன்ஜின் வண்டிக்கு நாலு, எட்டு சிலிண்டர் வி8க்கு அஞ்சு. அது தெரியாம அஞ்சு நட் கிட் வாங்கிட்டா முன்னாடி அஞ்சு பின்னாடி நாலுன்னு ஆயிடும், அப்புறம் டிக்கில எந்த ஸ்பேர் வீல வைக்கறது?